கண்ணாடியைப் பிடித்து நின்றவர்கள்

ஹெர்ஸாக்கின் 'ஃபிட்ஸ்கரால்டோ' (1982) பற்றி நண்பர் சென்ற இதழில் எழுதிய கட்டுரையில் ஒரு வாதம் என்னைத் தொந்தரவு செய்துகொண்டே இருக்கிறது. பெரு நாட்டுக் காட்டில் 320 டன் எடையுள்ள ஒரு கப்பல், தந்திரக் காட்சி எதுவுமில்லாமல், நிஜமாகவே மலைமேல் இழுக்கப்பட்டது. படத்தின் மகத்துவம் அதில்தான் இருக்கிறது என்கிறார் நண்பர். பட்ட வலி ஃபிலிமில் பதிந்துவிடுகிறதாம். சௌகரியமாக எடுக்கப்பட்ட படத்தில் அந்தப் பதிவு இராதாம்.

இதை எளிதாக மறுத்துவிட என்னால் முடியாது. பத்து வருஷமாக நானும் இதையேதான் வேறு வேறு சொற்களில் எழுதி வந்திருக்கிறேன். நம் வட்டத்தில் இது ஒரு நம்பிக்கை. குரு தத் தூங்காதவர். கட்டக் குடித்தார், மனநோய் விடுதியில் இருந்தார். ஹெர்ஸாக் காட்டில் பைத்தியத்தின் விளிம்புவரை போனார். கலைக்கு அவர்கள் கொடுத்த விலை என்று இவற்றைச் சொல்கிறோம், சொல்லும்போது நமக்குள் ஒரு திருப்தியும் உண்டாகிறது. அந்தத் திருப்தியைத்தான் இங்கே கொஞ்சம் பரிசீலிக்க விரும்புகிறேன்.

சந்தேகம் எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை, கவுண்டரிலிருந்து வந்தது. நான் வேலை பார்க்கும் கிளை சாலிகிராமத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. சினிமா, சீரியல் தொழிலாளர்கள் பலருக்கு எங்களிடம் கணக்கு உண்டு. சில மாதங்களுக்கு முன் ஒரு லைட்மேன், பெண்ணின் கல்லூரிச் செலவுக்கென்று கடன் கேட்டு வந்தார். ஐம்பது வயதிருக்கும். சம்பளச் சீட்டு கேட்டேன். "கால்ஷீட் கணக்கு சார், சீட்டெல்லாம் ஏது?" என்றார். பாஸ்புக்கைப் பார்த்தால் ஒரு மாதம் பணம் நிறைய வந்திருக்கிறது, அடுத்த இரண்டு மாதம் ஒன்றுமில்லை. படிவத்தில் இப்படிப்பட்ட வாழ்க்கைக்குக் கட்டம் கிடையாது. தாள்களை உள்ளே கொடுத்துவிட்டு வந்து பார்த்தேன். சுவர் ஓரத்து நாற்காலியில், தலை பின்னால் சாய்ந்து, வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினேன். "மன்னிச்சுக்குங்க சார், ரெண்டு நாளா தொடர்ச்சியா கால்ஷீட்டு. முடிச்சிட்டு நேரா வரேன்" என்றார். அவர் குரலில் புகார் இல்லை. கொஞ்சம் பெருமை இருந்தது. நண்பரின் கட்டுரையில் இருந்த அதே பெருமை.

கடன் கிடைக்கவில்லை. அதற்காக யாரையும் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அந்தப் பெருமை என்னவென்று புரிந்துகொள்வதற்காக எழுதுகிறேன்.

குரு தத்தின் 'காகஸ் கே ஃபூல்' (1959) படத்தில் ஓர் ஒளிக்கற்றை வருகிறது. காலியான ஸ்டுடியோவுக்குள் மேலிருந்து சாய்வாக இறங்குகிறது, அதன் இரு பக்கமும் ஆணும் பெண்ணும் நிற்கிறார்கள். நம்மில் அதைப் பற்றி எழுதாதவர்கள் குறைவு. வெயிலைக் கண்ணாடியில் பிடித்து, இன்னொரு கண்ணாடி வழியாக ஸ்டுடியோவுக்குள் திருப்பி, வி.கே. மூர்த்தி அதைச் செய்தார் என்பதும் தெரிந்த விஷயம். 2008-க்கான தாதாசாகேப் பால்கே விருது அவருக்குக் கிடைத்தது. அந்த விருதை வாங்கிய முதல் ஒளிப்பதிவாளர் அவர். ஆக, இயக்குநரிடமிருந்து ஒளிப்பதிவாளர்வரை நம் மரியாதை இறங்கி வந்திருக்கிறது. அங்கேயே நின்றும் விட்டது. வெயில் நகர நகர அந்தக் கண்ணாடிகளை யாரோ திருப்பிக்கொண்டே இருந்திருக்க வேண்டுமே. வெயிலில் நின்று, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாமல், குரல் வந்த திசைக்குக் கண்ணாடியைத் திருப்பியவர்கள் யார்? அவர்கள் எத்தனை மணி நேரம் நின்றார்கள்? குரு தத்தின் தூக்கமின்மை நம் விமர்சனத்தில் இடம்பெறுகிறது. இவர்களுடையது இடம்பெறுவதில்லை. இரண்டும் ஒரே ஸ்டுடியோவில், ஒரே வேலையிலிருந்து பிறந்தவை.

ஒருவனின் வேதனைக்குப் படைப்பு வேதனை என்று பெயர். மற்றவனுடையதற்குப் பெயரே இல்லை. விமர்சனத்தில் நாம் செய்திருக்கும் முதல் பிழை இது என்று நினைக்கிறேன்.

சினிமாவைப் பற்றிய சினிமாக்களும் இதே பிழையைச் செய்கின்றன. இவற்றில் மிகவும் நேசிக்கப்படுவது த்ரூஃபோவின் 'டே ஃபார் நைட்' (1973). நீஸ் நகரத்து ஸ்டுடியோவில் ஒரு சுமாரான படம் எடுக்கப்படுகிறது. கதாநாயகி மன முறிவிலிருந்து சமீபத்தில்தான் மீண்டவள், தன் வைத்தியரையே மணந்திருக்கிறாள். வயதான நடிகை ஒருத்தி குடியில் வசனத்தை மறக்கிறாள், வெளியேறும் கதவு என்று நினைத்து அலமாரிக் கதவைத் திரும்பத் திரும்பத் திறக்கிறாள். இளம் நடிகன் காதல் தோல்வியில் அறையைப் பூட்டிக்கொள்கிறான். எல்லோரும் உடைந்த மனிதர்கள். எல்லோரிடமும் த்ரூஃபோவுக்குப் பிரியம் இருக்கிறது, அதைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் படத்தின் தர்க்கத்தைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு உடைவும், அடுத்த ஷாட்டுக்கு அந்த ஆளைத் தயார் செய்துவிடும் அளவுக்குத்தான் கவனிக்கப்படுகிறது. மனம் சரியாயிற்றா என்பது கேள்வியாக எழுவதே இல்லை. படம் முடியுமா என்பதுதான் கேள்வி.

ஒரு காட்சியில் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பிரதிநிதி வருகிறார். நடிகர் ஒருவர் கார் விபத்தில் இறந்துவிட்டார், மேற்கொண்டு என்ன செய்வது என்று பேச்சு. அந்தப் பிரதிநிதியாகத் தலைகாட்டுகிறவர் நாவலாசிரியர் கிரஹாம் கிரீன். ரசிகர்கள் இதை ஒரு வேடிக்கையாகச் சொல்வார்கள். எனக்கென்னவோ படத்தில் மிகவும் உண்மையான காட்சி அதுதான் என்று படுகிறது. நடிகையின் மனநிலை பற்றித் தயாரிப்பாளருக்கு இருக்கும் கவலையும் இதே ரகம். இன்ஷூரன்ஸ் வழியாகத்தான் மனநலம் இந்தத் தொழிலுக்குள் முதலில் நுழைகிறது. மனம் ஒரு ரிஸ்க், அவ்வளவுதான். பாங்கில் வேலை செய்கிறவனுக்கு இந்தப் பாஷை நன்றாகவே புரிகிறது.

இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு கோதார், 1973-ல், த்ரூஃபோவைப் பொய்யன் என்று கடிதம் எழுதினார். நட்பு அதோடு முறிந்தது. கோதாரின் கோபத்தில் சொந்தக் கணக்குகளும் கலந்திருந்தன. ஆனாலும் பொய் என்ற சொல் வீண் சொல் அல்ல. த்ரூஃபோவின் படப்பிடிப்புக் குழு ஒரு குடும்பம். குடும்பத்தில் யாரும் நேரக் கணக்குப் பார்ப்பதில்லை. இந்தக் குடும்ப உவமைதான் சினிமாத் தொழிலின் மிகப் பழைய ஆயுதம். நம் ஊர்ப் படப்பிடிப்பிலும் நாள் முழுக்க இதைக் கேட்கலாம்.

இதற்கு நேர் எதிராக நான் வைக்க விரும்புவது ஹாஸ்கல் வெக்ஸ்லரின் இரண்டு படங்களை. வெக்ஸ்லர் ஒளிப்பதிவாளர், இருமுறை ஆஸ்கர் வாங்கியவர். 1969-ல் அவர் இயக்கிய 'மீடியம் கூல்' ஒரு டெலிவிஷன் செய்திக் காமிராமேனைப் பற்றியது. ஆரம்பமே ஒரு கார் விபத்து. சாலை ஓரத்தில் ஒரு பெண் அடிபட்டுக் கிடக்கிறாள். காமிராமேனும் ஒலிப்பதிவாளனும் சாவதானமாகப் படம் பிடிக்கிறார்கள். பிடித்து முடித்த பிறகுதான் ஆம்புலன்ஸுக்குச் சொல்லலாம் என்கிறார்கள். முடிவும் ஒரு கார் விபத்துதான். இம்முறை அடிபடுகிறவன் அந்தக் காமிராமேன். கடந்து போகும் காரிலிருந்து ஒரு சிறுவன் அதைப் புகைப்படம் எடுக்கிறான். பிறகு வெக்ஸ்லரே திரையில் தோன்றித் தன் காமிராவை நம்மை நோக்கித் திருப்புகிறார்.

இந்தக் கடைசி ஷாட்டைப் பார்வையாளனின் குற்ற உணர்வு, பிம்பத்தின் வன்முறை என்றெல்லாம் விளக்கி நான் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறேன். அது தவறில்லை, ஆனால் பாதி. காமிராமேனின் மரத்துப்போன மனத்தை நான் ஒரு தத்துவ நிலையாகவே வாசித்தேன். அது வேலையின் விளைவு என்று எனக்குத் தோன்றவில்லை. விபத்து, கலவரம், சாவு, இழவு வீடு என்று தினமும் அதே கோணத்தில் நின்று பார்ப்பவனுக்கு மரத்துப்போகாமல் அந்த வேலையைச் செய்ய முடியாது. அவன் எடுத்த படச் சுருள்களை ஸ்தாபனம் அவனுக்குத் தெரியாமல் எஃப்.பி.ஐ.க்குக் காட்டியிருக்கிறது. அதற்காகக் கோபப்படுகிறான். கொஞ்ச நாளில் வேலை போகிறது. உணர்ச்சி திரும்பி வரும்போது வேலை போய்விடுகிறது. வெக்ஸ்லர் இதைப் படத்திலேயே வைத்திருந்தார். நான்தான் பார்க்கவில்லை.

1997-ல் ஒரு மூன்றாவது கார் விபத்து நடந்தது. இது கதையில் அல்ல. 'ப்ளெஸன்ட்வில்' (1998) என்ற படத்தில் வேலை செய்த உதவி ஒளிப்பதிவாளர் ஒருவர், 19 மணி நேர வேலைக்குப் பிறகு காரில் வீடு திரும்பும்போது, ஓட்டியபடியே தூங்கி, விபத்தில் இறந்தார். நாளொன்றுக்கு 14 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று கேட்டு ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் கையெழுத்திட்டார்கள். கேட்டது எட்டு அல்ல, பதினாலு. அதுவும் தொழில் முழுமைக்குமான விதியாக ஆகவில்லை. எண்பது வயதைத் தாண்டிய வெக்ஸ்லர் காமிராவைத் தூக்கிக்கொண்டு அலைந்து 2006-ல் 'ஹூ நீட்ஸ் ஸ்லீப்?' என்ற ஆவணப்படத்தைக் கொண்டுவந்தார். தூக்க மருத்துவர்கள், லைட்மேன்கள், பெயர்பெற்ற நடிகர்கள் எல்லோரும் அதில் பேசுகிறார்கள். அவர் கோரிக்கை எளியது: 12 மணி நேரம் வேலை, 12 மணி நேரம் ஓய்வு.

இந்த ஆவணப்படத்தை நம் அளவுகோலால் அளந்தால் தேறாது. பேட்டி, மறுபடி பேட்டி, இடையிடையே கொஞ்சம் கிண்டல். 'மீடியம் கூல்' படத்தின் ரூபக் கட்டுக்கோப்பில் பத்தில் ஒரு பங்கு இதில் இல்லை. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தபோது பிந்தியது முந்தியதன் தொடர்ச்சி என்று தெரிந்தது. 1969-ல் அவர் காமிராவை நம்மை நோக்கித் திருப்பினார். 2006-ல் அதைக் காமிராவுக்குப் பின்னால் நிற்பவர்களை நோக்கித் திருப்பினார். அந்த நகர்வு 37 வருஷம் எடுத்துக்கொண்டது. நவீன சினிமா காமிராவைப் பார்வையாளன் மீது திருப்பியதைக் கொண்டாடிய விமர்சனம், இந்த இரண்டாவது திருப்பத்தைக் கவனிக்கவே இல்லை.

இப்போது சில எண்கள். பிரிட்டனில் சினிமாத் தொழிலாளர்களுக்கான நல நிதி ஒன்று 1924-லேயே தொடங்கப்பட்டது. இன்று அதன் பெயர் ஃபிலிம் அண்ட் டிவி சாரிட்டி. அது 2019-ல் நடத்திய ஆய்வில், பதில் சொன்னவர்களில் 87 சதவீதம் பேர் வாழ்க்கையில் ஏதோ ஒரு சமயம் மனநலப் பிரச்னையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். அந்நாட்டுப் பொது ஜனங்களில் அது 65 சதவீதம். பாதிக்கப்பட்டவர்களே இம்மாதிரிக் கேள்விகளுக்கு அதிகம் பதில் சொல்வார்கள் என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம், நியாயந்தான். கொஞ்சம் தள்ளுபடி செய்துகொண்டாலும் வித்தியாசம் மிஞ்சுகிறது. காரணங்களில் புதிராக ஏதுமில்லை. வேலை நேரம், படத்துக்குப் படம் அறுந்து அறுந்து தொடரும் பிழைப்பு, மேலே இருப்பவனின் மிரட்டல், சொல்லிக்கொள்ள ஆள் இல்லாமை, சொன்னால் அடுத்த படத்துக்குக் கூப்பிடமாட்டார்கள் என்ற பயம். கடைசியாகச் சொன்னதுதான் சினிமாவுக்கே உரியது. ஆலைத் தொழிலாளிக்கு ஆலை இருக்கும், எனக்குக் கிளை இருக்கிறது. லைட்மேனின் ஆலை அறுபது நாளில் கலைந்துவிடுகிறது. புகார் கொடுப்பதற்கு அங்கே வாசற்படிகூட மிஞ்சுவதில்லை.

அந்த அமைப்பு இரவு பகலாக இயங்கும் ஒரு தொலைபேசி உதவியையும் நடத்துகிறது. நல்ல காரியம். நள்ளிரவில் ஒருவனுக்குப் பேச ஒரு குரல் கிடைப்பதை நான் அலட்சியமாகச் சொல்லமாட்டேன். ஆனால் கூப்பிடுகிறவன் 18 மணி நேரம் நின்றுவிட்டுக் கூப்பிடுகிறான் என்றால், அவனுக்குத் தேவையானது ஆறுதல் மட்டுமல்ல. நேரத்தைத் தொடாத மனநலப் பேச்சு, நோயை முழுக்க முழுக்க நோயாளியின் சொத்தாக்கிவிடுகிறது. அமெரிக்காவில் 2021-ல் திரைத் தொழிலாளர் சங்கத்தில் வாக்களித்தவர்களில் சுமார் 98 சதவீதம் பேர் வேலைநிறுத்த அதிகாரத்தை ஆதரித்தபோது, கேட்டவற்றில் முக்கியமானது ஓய்வு நேரம். ஒரு நாள் வேலைக்கும் அடுத்த நாள் வேலைக்கும் இடையே 10 மணி நேர இடைவெளி என்பது அந்தப் பேரத்தில் கிடைத்தது. மனநலம் என்ற சொல் பெரிதாக அடிபடாமலே அதற்குச் செய்யப்பட்ட காரியம் இது.

நம் பக்கத்துக் கதை வேறு மாதிரி. கேரள அரசு 2017-ல் அமைத்த ஹேமா குழு 2019 டிசம்பர் 31-ல் அறிக்கை கொடுத்தது. அது வெளியானது 2024 ஆகஸ்டில், அதுவும் பகுதிகள் நீக்கப்பட்டு. படப்பிடிப்பிடத்தில் கழிப்பிடம் இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே நாளைக் கழிக்கிறார்கள் என்று அதில் இருக்கிறது. நாலரை வருஷம் அலமாரியில் இருந்த தகவல் இது. சென்னையில், 2020 பிப்ரவரி 19 இரவு, 'இந்தியன் 2' படப்பிடிப்பில் கிரேன் சாய்ந்து மூன்று பேர் இறந்தார்கள். இயக்குநரின் கனவு, பிரம்மாண்டம் என்று நாம் எழுதும் சொற்களுக்கு அந்த இரவு ஒரு ஸ்தூலமான எடை உண்டு. 2025-ல் இந்தி நடிகை ஒருவர் எட்டு மணி நேரம்தான் வேலை செய்வேன் என்று கேட்டதாகச் செய்தி வந்தபோது, நாடே விவாதித்தது. விவாதம் நட்சத்திரத்தின் உரிமை பற்றி நடந்தது. அவர் வருவதற்கு முன்னால் வந்து, போன பிறகு கேபிள் சுருட்டுகிறவரின் மணிக்கணக்கு பற்றி அல்ல.

இதெல்லாம் தொழிற்சங்க விஷயம், விமர்சனத்துக்கு என்ன சம்பந்தம் என்று நண்பர் கேட்பார். படைப்பு மட்டுமே விமர்சகனின் பொருள், அது உருவான சூழ்நிலை அல்ல என்பது நாம் கஷ்டப்பட்டு நிலைநாட்டிய கொள்கை. அதை நான் கைவிடத் தயாராக இல்லை. ஆனால் அதை மீறியவர் நண்பர்தான். கப்பல் நிஜமாக இழுக்கப்பட்டது என்பதும், இழுத்தவர்கள் அவதிப்பட்டார்கள் என்பதும் படத்துக்கு வெளியே இருக்கும் தகவல்கள். அவற்றை மதிப்பெண்ணாகக் கூட்டிக்கொண்டுவிட்டு, அதே தகவல்களை நான் பற்றுப் பக்கத்தில் எழுதும்போது மட்டும் அது சமூகவியல் என்று ஒதுக்க முடியாது. அந்தப் படப்பிடிப்பில் பாம்பு கடித்த மரம்வெட்டி ஒருவர், விஷம் ஏறாமலிருக்க ரம்ப இயந்திரத்தால் தன் காலைத் தானே அறுத்துக்கொண்டதாக ஹெர்ஸாக் சொல்லியிருக்கிறார். நாம் இதைச் சிலிர்ப்போடு மறுபடி மறுபடி சொல்கிறோம். அந்தக் கால் திரையில் எங்கே இருக்கிறது? 'ஃபிட்ஸ்கரால்டோ' நல்ல படமென்றால், திரையில் தெரியும் கப்பலுக்காக, அதன் அபத்தத்துக்காக, நிதானத்துக்காக நல்ல படமாக இருக்கட்டும்.

கஷ்டமில்லாமல் கலை வராது என்பதும் சரித்திரத்தில் நிற்காது. ரோமேர் 'தி க்ரீன் ரே' படத்தை ஒரு சின்னக் குழுவோடு, 16 மில்லிமீட்டரில், விடுமுறை ஊர்களில் எடுத்தார். குழுவில் பெரும்பாலும் பெண்கள். 1986-ல் அது வெனிஸில் தங்கச் சிங்கம் வாங்கிற்று. அந்தப் படத்தில் ஒரு பெண்ணின் தனிமை இருக்கிறது. அதைப் பதிவு செய்ய யாரும் மலைமேல் எதையும் இழுக்க வேண்டியிருக்கவில்லை.

கடைசியாக, நமக்கு நெருக்கமான ஒருவர். புதுமைப்பித்தனை நாம் எழுத்தாளராக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். 1948 ஜூன் 30-ல் திருவனந்தபுரத்தில் இறந்தபோது அவர் ஒரு சினிமாத் தொழிலாளி. 'ராஜமுக்தி' படத்துக்கு வசனம் எழுதப் புனாவுக்குப் போன இடத்தில் க்ஷயம் முற்றியது. மனைவிக்கு அவர் எழுதிய கடிதங்கள் பின்னால் 'கண்மணி கமலாவுக்கு' என்று புத்தகமாயின. பணக் கவலையும் பிரிவும் நிறைந்த கடிதங்கள் அவை. அதை நான் எழுத்தாளனின் சோகமாகவே வாசித்து வந்தேன். சமீபத்தில் மறுபடி எடுத்தபோது, கவுண்டரில் நான் பார்த்த பாஸ்புக்கின் ஞாபகம்தான் வந்தது. கலையின் பலிபீடம், சினிமா என்ற மாயப்பிசாசு என்று நாம் கட்டிய கதைகள் அவருக்கு எந்த விதத்திலும் உபயோகப்பட்டிருக்காது. வேளாவேளைக்குக் கூலியும் ஓய்வும் வைத்தியமும் உபயோகப்பட்டிருக்கும். 42 வயது.

ஆகவே என் யோசனை சிறியது. ஒரு படம் எவ்வளவு அவதிப்பட்டு எடுக்கப்பட்டது என்பதை இந்தப் பக்கங்களில் புகழ்ச்சியாக எழுதுவதை நிறுத்திக்கொள்வோம். எழுதத்தான் வேண்டுமென்றால், அவதி யாருடையது, எத்தனை மணி நேரம், எந்தக் கூலிக்கு என்பதையும் சேர்த்து எழுதுவோம். நண்பர் அடுத்த இதழில் மறுக்கட்டும். அவர் மறுப்பில் அந்த மரம்வெட்டிக்கு ஒரு பத்தியாவது ஒதுக்குவார் என்று எதிர்பார்க்கிறேன்.